வயர்லெஸ் ஹெட்செட்டை போனில் இணைப்பது: கடையில் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் மொபைல் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருப்பவனிடம் காலையிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும் வரை வரும் கேள்விகள் இவை. ஹெட்செட் ரிப்பேர் என்று கொண்டுவந்து மேஜையில் வைப்பதில் பெரும்பாலானது ரிப்பேரே இல்லை. அது வேறு ஏதோ ஒரு போனைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கழுத்தில் போடும் நெக்பேண்ட், காதில் செருகும் இயர்பட்ஸ், தலையில் மாட்டும் பெரிய ஹெட்போன் எல்லாவற்றையும் இங்கே ஹெட்செட் என்றே எழுதுகிறேன். எங்கே வித்தியாசம் உண்டோ அங்கே மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

புதுசா வாங்கியிருக்கேன். முதல் தடவை எப்படி இணைக்கிறது?

முதலில் சார்ஜ் போடுங்கள். இயர்பட்ஸில் டப்பாவுக்கு ஒரு பேட்டரி, இரண்டு பட்ஸுக்கும் ஆளுக்கொன்று, ஆக மூன்று பேட்டரி. கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்ததில் ஏதாவது ஒன்று காலியாகத்தான் இருக்கும். புது இயர்பட்ஸில் சார்ஜ் ஏறும் முனையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதை உரித்துவிட்டீர்களா என்று பாருங்கள். உரிக்காமலேயே ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை என்று பர்கூரிலிருந்து பஸ் ஏறி வருபவர்கள் உண்டு.

அடுத்து ஹெட்செட்டை பேரிங் நிலைக்கு, அதாவது புது போனோடு சேரத் தயாராக இருக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நெக்பேண்ட் என்றால் நடுப் பட்டனையோ பவர் பட்டனையோ அழுத்தி விடாமல் பிடித்திருங்கள். முதலில் ஆன் ஆகி நீல விளக்கு எரியும். இங்கேதான் எல்லோரும் கையை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காமல் இன்னும் சில நொடி பிடித்தால் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும், அல்லது உள்ளேயிருந்து ஒரு குரல் 'பேரிங்' என்று சொல்லும். அதுதான் நமக்கு வேண்டியது. இயர்பட்ஸில் பெரும்பாலும் டப்பாவின் மூடியைத் திறந்தாலே போதும். சில மாடல்களில் டப்பாவின் பின்பக்கமோ அடியிலோ ஒரு சின்ன பட்டன் இருக்கும், மூடி திறந்திருக்கும்போது அதை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இப்போது போனில் செட்டிங்ஸ் போய் ப்ளூடூத் பக்கத்தைத் திறந்து 'புதிய சாதனத்தை இணை' என்பதைத் தொடுங்கள். மேலேயிருந்து இழுக்கும் பட்டியலில் ப்ளூடூத் படத்தை ஒரு தட்டு தட்டினால் ஆன், ஆஃப் மட்டும்தான் ஆகும், அதை அழுத்திப் பிடித்தால் நேராக அந்தப் பக்கத்துக்கே போகும். லிஸ்டில் ஹெட்செட் பெட்டியில் அச்சடித்த அதே மாடல் பெயர் வரும், தொடுங்கள், 'பேர்' கொடுங்கள், முடிந்தது. அந்தச் சின்னக் கட்டத்தில் உங்கள் தொடர்பு எண்களையும் அழைப்பு விவரங்களையும் பார்க்க அனுமதி கேட்டு ஒரு டிக் இருக்கும். கார் ஸ்டீரியோவுக்கு அது பயன்படும். காதில் மாட்டுவதற்குப் பெரும்பாலும் தேவையில்லை, நான் எடுத்துவிடச் சொல்வேன்.

கொஞ்சம் புது ஆண்ட்ராய்டு போனில், அந்த வசதி உள்ள ஹெட்செட்டின் டப்பாவைத் திறந்தாலே திரையின் அடியில் படத்தோடு ஒரு அட்டை எழும்பி 'கனெக்ட்' கேட்கும். கூகுளின் ஃபாஸ்ட் பேர் அது. வந்தால் நல்லது, வராவிட்டால் பழைய வழியிலேயே போங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

பேரிங், கனெக்ட் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதிக் கேள்வி இங்கேயே தீர்ந்துவிடும். ரேஷன் கடையில் முதலில் ஒருதரம் கைரேகை பதிந்துவிட்டு, அப்புறம் மாதாமாதம் போய் விரலை மட்டும் வைத்து அரிசி வாங்கி வருகிறோம் இல்லையா, அப்படித்தான். பேரிங் என்பது அந்த முதல் பதிவு. அப்போது போனும் ஹெட்செட்டும் ஒரு ரகசிய எண்ணை உருவாக்கி இரண்டு பக்கமும் சேமித்துக்கொள்ளும். கனெக்ட் என்பது அந்தப் பதிவை வைத்து அவ்வப்போது சேர்வது. ஹெட்செட்டை ஆன் செய்தவுடன் அது கடைசியாகச் சேர்ந்திருந்த போனைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் எதையும் தொட வேண்டாம்.

ஆகவே தினமும் 'ஃபர்கெட்' கொடுத்து மறுபடி பேரிங் செய்வது வீண் வேலை. பதிவில் கோளாறு வந்தால் மட்டும் செய்ய வேண்டிய காரியம் அது. அப்படிச் செய்யும்போது போனில் மட்டும் அழித்தால் போதாது, ஹெட்செட்டையும் ரீசெட் செய்ய வேண்டும். ஒரு பக்கம் பழைய எண், மறுபக்கம் வெறும் கை என்றால் சில ஹெட்செட்கள் சண்டித்தனம் செய்யும்.

போன் லிஸ்ட்ல என் ஹெட்செட் பெயரே வரலை. என்ன பண்றது?

கடைக்கு வரும் கேஸ்களில் முதலிடம் இதற்குத்தான். வீட்டில் வேறு யாருடைய போனிலாவது இதை எப்போதாவது இணைத்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். இல்லவே இல்லை என்பார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி ஒரு நாள் பாட்டு கேட்டான்" என்று வரும். தம்பி போன் பக்கத்து அறையில் சார்ஜில் கிடக்கும். நீங்கள் ஹெட்செட்டை ஆன் செய்த மறு நொடி அது தம்பி போனில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு போனோடு சேர்ந்த ஹெட்செட் பொதுவாக மற்றவர்களுக்குத் தன் பெயரைக் காட்டாது. உங்கள் போன் தேடிக்கொண்டே இருக்கும், விளக்கும் அமைதியாக நீலமாக எரியும், நீங்கள் செட்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். வீட்டில் உள்ள எல்லா போன், டேப், லேப்டாப், டிவியிலும் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, உங்கள் போனை மட்டும் வைத்துக்கொண்டு முயன்று பாருங்கள். டிவியை மறக்காதீர்கள். ஸ்மார்ட் டிவி வந்தபிறகு இது அடிக்கடி நடக்கிறது, திரை அணைந்திருந்தாலும் சில டிவிகள் ப்ளூடூத்தை விழித்தே வைத்திருக்கும்.

அதற்கும் வரவில்லையா? ஹெட்செட் வெறுமனே ஆன் ஆகியிருக்கிறதா, பேரிங் நிலையில் இருக்கிறதா என்று விளக்கைப் பாருங்கள். மாறி மாறி இரண்டு நிறம் அல்லது வேகமான மின்னல் என்றால் பேரிங், மெதுவாக எப்போதாவது ஒரு மினுக்கு என்றால் சும்மா ஆன். மாடலுக்கு மாடல் நிறம் மாறும், பெட்டியோடு வரும் அந்தக் குட்டித் தாளில் போட்டிருப்பான். பேரிங் நிலை சில நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும் என்பதால், முதலில் போனில் தேடும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்புறம் பட்டனை அழுத்துவது வசதி.

ஹெட்செட் கம்பெனியின் ஆப் வழியாகத் தேடுகிறீர்கள் என்றால் இன்னொரு விஷயம். ஆண்ட்ராய்டு 11 வரை ப்ளூடூத் தேடுவதற்கு ஆப்புக்கு லொகேஷன் அனுமதி வேண்டும், 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி. முதல் நாள் அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தால் அந்த ஆப் கடைசி வரை எதையும் கண்டுபிடிக்காது. ஆப் இல்லாமல் செட்டிங்ஸ் வழியாகவே சேர்த்துவிடலாம், ஆப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாலு இலக்க பின் நம்பர் கேட்குது.

0000 போடுங்கள். இல்லையென்றால் 1234. 2007-ல் வந்த ப்ளூடூத் 2.1-க்கு முந்தைய முறை அது, இப்போது பழைய சாதனங்களில் மட்டும் பார்க்கலாம்.

கனெக்டட்னு காட்டுது, ஆனா பாட்டு போன்லயே கேட்குது.

ப்ளூடூத் பக்கத்தில் ஹெட்செட் பெயருக்கு எதிரே உள்ள பல் சக்கரப் படத்தைத் தொடுங்கள். அங்கே 'அழைப்புகள்' என்று ஒரு சுவிட்ச், 'மீடியா ஆடியோ' என்று ஒரு சுவிட்ச் தனித்தனியாக இருக்கும். பேசுவதும் பாட்டு கேட்பதும் ப்ளூடூத்தில் இரண்டு வேறு வழிகள், ஒன்று அணைந்திருந்தால் மற்றது மட்டும் வேலை செய்யும். மீடியா அணைந்திருக்கும், ஆன் செய்யுங்கள். கால் பேசும்போது சத்தம் போனில் வருகிறது என்றால் அழைப்புத் திரையில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் ப்ளூடூத், ஸ்பீக்கர், போன் என்று கேட்கும், அங்கே மாற்றுங்கள்.

சத்தம் வருகிறது ஆனால் முனகுகிறது என்றால் போன் வால்யூமும் ஹெட்செட் வால்யூமும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கலாம். போனில் முழுதாக ஏற்றிவிட்டு ஹெட்செட்டிலுள்ள பிளஸ் பட்டனையும் அழுத்திப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் செட்டிங்ஸில் மறைவாக இருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் 'டிஸேபிள் அப்சல்யூட் வால்யூம்' என்று ஒன்று இருக்கிறது, அதை மாற்றிப் பார்க்கலாம். அங்கே உள்ள மற்றதைத் தொடாதீர்கள்.

நான் பேசுறது அந்தப் பக்கம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்காம்.

பாட்டு இவ்வளவு நன்றாகக் கேட்கும் சாதனம் பேசும்போது மட்டும் ஏன் இப்படி என்று கோபம் வரும், நியாயம்தான். பாட்டு போகும் வழியில் சத்தம் ஒரே திசையில், இரண்டு காதுக்கும் ஸ்டீரியோவாகப் போகிறது. பேசும்போது உங்கள் குரலும் திரும்பிப் போக வேண்டும், அதனால் போன் வேறு வழிக்கு மாறிவிடுகிறது. அந்த வழியில் குரலை வினாடிக்கு 8,000 தடவையோ 16,000 தடவையோதான் மாதிரி எடுக்கும், பாட்டுக்கு 44,100 தடவை. கேமில் மைக் ஆன் செய்ததும் பின்னணி இசை திடீரென்று தகர டப்பா சத்தமாக மாறுவதும் இதனால்தான். ஹெட்செட் கெட்டுப்போகவில்லை. இரண்டு பக்கமும் எல்இ ஆடியோ என்ற ப்ளூடூத்தின் புதிய ஒலி முறை இருந்தால் இது சரியாகும், ஆனால் நம் கையில் இருக்கும் போன், ஹெட்செட் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

அப்படியும் கிணறு மாதிரி என்றால் மைக் துளையைப் பாருங்கள். நெக்பேண்டில் பட்டன்கள் இருக்கும் பக்கத்தில் குண்டூசி முனை அளவில் ஒரு துளை இருக்கும். கிரானைட் பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் கொண்டுவருவதில் அந்தத் துளை வெள்ளைத் தூளால் மூடியே இருக்கும். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்தால் போதும். ஊசியை உள்ளே விட்டீர்களென்றால் அத்தோடு மைக் காலி.

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் ஏலம் நடக்கும்போது, மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரி உள்ளே நின்றுகொண்டு, பைக்கில் எழுபதில் போய்க்கொண்டு பேசினால் எந்த ஹெட்செட்டிலும் அந்தப் பக்கம் திணறத்தான் செய்யும். பெட்டியில் 'இஎன்சி' என்று போட்டிருப்பது நீங்கள் பேசும்போது சுற்றுச் சத்தத்தைக் குறைத்து அனுப்புவது, 'ஏஎன்சி' என்பது உங்கள் காதுக்கு வரும் வெளிச் சத்தத்தைக் குறைப்பது. இரண்டும் வேறு. நாள் முழுக்க மண்டியில் போனில் ரேட் பேசுபவருக்கு முதலாவதுதான் முக்கியம். விலை கூடிய ஏஎன்சி வாங்கிவிட்டு அந்தப் பக்கம் கேட்கவில்லையே என்று வருபவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

இயர்பட்ஸ்ல ஒரு பக்கம் மட்டும்தான் கேட்குது.

முதலில் காதுக்குள் போகும் வலையைப் பாருங்கள். காது அழுக்கு அடைத்திருக்கும். ரப்பரைக் கழற்றி, வலை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, உலர்ந்த டூத் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

அடுத்து இரண்டு பட்ஸும் ஒன்றையொன்று மறந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். போனில் 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு, இரண்டையும் டப்பாவில் வைத்து, கம்பெனி சொன்ன மாதிரி ரீசெட் செய்யுங்கள். சிலவற்றில் டப்பா பட்டனை சுமார் 10 நொடி அழுத்த வேண்டும், சிலவற்றில் இரண்டு பட்ஸின் தொடு இடத்தையும் ஒரே நேரத்தில். மூடியை மூடி, திறந்து, மறுபடி புதிதாகச் சேருங்கள். லிஸ்டில் அதே பெயர் இரண்டு தடவை வந்து, ஒன்றில் எல் என்றும் ஒன்றில் ஆர் என்றும் ஒட்டியிருந்தால் இரண்டும் பிரிந்து கிடக்கிறது என்று அர்த்தம், ரீசெட்தான் மருந்து.

யாரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு. போனின் 'அணுகல்தன்மை' பக்கத்தில் ஆடியோ பேலன்ஸ் என்று இடது, வலது கோடு இருக்கும். குழந்தை போனை நோண்டியதில் அது ஒரு ஓரத்துக்குப் போயிருக்கும்.

பஸ் ஸ்டாண்ட்ல மட்டும் விட்டு விட்டு கேட்குது, வீட்ல நல்லா இருக்கு.

ப்ளூடூத் ஓடுவது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். யாரும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய இடம் அது, அதனால் வைஃபையும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான். கூட்டத்தில் எல்லோர் காதிலும் ஒன்று, எல்லோர் பையிலும் ஹாட்ஸ்பாட். இடிபடாமல் இருக்க ப்ளூடூத் அந்த இடத்தை 79 தடங்களாகப் பிரித்து வினாடிக்கு 1,600 தடவை வரை தடம் மாறி மாறித் தாவும், நெரிசலான தடங்களை ஒதுக்கியும் விடும். ஆனாலும் தர்மபுரி பஸ் நிலையத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒதுக்கிவிட்டுப் போக இடமே இருக்காது.

இதைவிட பெரிய காரணம் உங்கள் உடம்பு. உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். போன் பேன்ட் பின் பாக்கெட்டில், ஹெட்செட்டின் ரேடியோ எதிர்ப் பக்கக் காதில் என்றால் நடுவில் முழு ஆளும் நிற்கிறார். வீட்டுக்குள் சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலை காப்பாற்றிவிடும். வெட்டவெளியில், கே.ஆர்.பி. அணைக்கரையில் காலை நடை போகும்போது திரும்பி வர சுவர் இல்லை. அதனால்தான் ஆளே இல்லாத இடத்தில்கூட சில சமயம் அறுபடும். போனை சட்டைப் பாக்கெட்டுக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது எந்தப் பக்கத்துப் பாக்கெட்டில் வைத்தால் சரியாக இருக்கிறது என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். பெட்டியில் 10 மீட்டர் என்று போட்டிருப்பது நடுவில் ஒன்றும் இல்லாதபோது.

ஓசூர்ல வேலை. கம்பெனி போன் ஒண்ணு, சொந்த போன் ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே ஹெட்செட் ஆகுமா?

ஆகும், பெட்டியில் 'மல்டிபாயின்ட்' அல்லது 'டூயல் கனெக்‌ஷன்' என்று இருந்தால். முதல் போனில் சேர்த்துவிட்டு அதன் ப்ளூடூத்தை அணையுங்கள், ஹெட்செட்டை மறுபடி பேரிங் நிலைக்குக் கொண்டுவந்து இரண்டாவது போனில் சேருங்கள், அப்புறம் முதல் போனில் ப்ளூடூத்தைப் போட்டுத் தொடுங்கள். சில கம்பெனிகள் ஆப் உள்ளே ஒரு சுவிட்ச் வைத்து அதை ஆஃப் செய்தே விற்கிறார்கள், அதையும் பாருங்கள். இரண்டு போனிலும் ஒரே நேரத்தில் பாட்டு ஓடாது. ஒன்றில் பாட்டு ஓடும்போது மற்றதில் கால் வந்தால் பாட்டு நின்று கால் வரும். ஷிஃப்ட் பஸ்ஸில் போகும்போது சொந்த போனில் படம், கம்பெனி போனில் சூப்பர்வைசர் கால் என்று இருப்பவருக்கு இது நிஜமாகவே உபயோகம்.

மல்டிபாயின்ட் இல்லாத ஹெட்செட்டும் இரண்டு போனை நினைவில் வைத்திருக்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் சேரும். மாற்ற வேண்டும் என்றால் இந்தப் போனில் 'டிஸ்கனெக்ட்', அந்தப் போனில் 'கனெக்ட்'.

ஒரே போன்ல ரெண்டு ஹெட்செட் போட்டு ரெண்டு பேரும் படம் பார்க்கலாமா?

சாம்சங்கில் ஒரே நேரத்தில் இரண்டுக்கு சத்தம் அனுப்பும் வசதி பல மாடல்களில் உண்டு. ஐபோனில் ஏர்பாட்ஸ், சில பீட்ஸ் மாடல்கள் இருந்தால் பகிரலாம். மற்ற போன்களில் பெரும்பாலும் முடியாது. இயர்பட்ஸ் என்றால் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோ கேட்க முடியலையே?

போனுக்குள் இருக்கும் எஃப்எம் ரேடியோவுக்கு வயர் உள்ள ஹெட்செட்டின் வயர்தான் ஆன்டெனா. வயர்லெஸில் அந்த வயர் இல்லை. தர்மபுரி பண்பலை கேட்டே ஆக வேண்டும் என்றால், வயர் ஹெட்செட் செருகும் ஓட்டை உள்ள போனில் ஒரு பழைய வயர் ஹெட்செட்டைச் செருகி வையுங்கள். சில போன்களில் அப்படிச் செருகிய நிலையிலேயே சத்தத்தை ப்ளூடூத்துக்கு மாற்ற விடும். இணையத்தில் ஓடும் ரேடியோவுக்கு இந்தத் தொல்லை இல்லை, டேட்டா செலவாகும்.

போனோட வந்த டைப்-சி சார்ஜர்ல நெக்பேண்ட் ஏற மாட்டேங்குது. ஓட்டை ஒண்ணுதானே?

ஓட்டை ஒன்றுதான், உள்ளே பேச்சு வேறு. இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கும் கேபிளில், எதிரே கரண்ட் வாங்கும் சாதனம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் சார்ஜர் கரண்டையே திறந்துவிடும். அதைத் தெரிவிக்க சாதனத்துக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும். மலிவு நெக்பேண்டுகள் பலவற்றில் சில பைசா மிச்சம் பிடிக்க அதைப் போடுவதில்லை. சார்ஜர் ஆள் இல்லை என்று நினைத்துச் சும்மா இருக்கும், நீங்கள் போர்ட் போய்விட்டது என்று கொண்டுவருவீர்கள். ஒரு முனை பழைய தட்டையான யுஎஸ்பி, மறுமுனை டைப்-சி உள்ள கேபிளில் பழைய சார்ஜரைப் போட்டுப் பாருங்கள், ஏறும். அந்தப் பழைய முனை யாரையும் கேட்காமல் 5 வோல்ட் கொடுக்கும்.

33 வாட், 67 வாட் சார்ஜரில் போட்டால் எரிந்துவிடுமா என்றும் கேட்பார்கள். ஒழுங்கான சார்ஜர் என்றால், கேட்காத சாதனத்துக்கு 5 வோல்ட்டுக்கு மேல் தராது, சாதனமும் தனக்கு வேண்டிய அளவுதான் எடுக்கும். நான் பயப்படுவது பெயர் தெரியாத ரோட்டோரச் சார்ஜருக்குத்தான். இரவு முழுக்கச் சார்ஜில் விட்டுத் தூங்க வேண்டாம். நெக்பேண்டின் அந்தக் குச்சிப் பகுதி உப்பியிருந்தாலோ, ஒட்டிய இடம் பிரிந்து வாய் திறந்திருந்தாலோ அது பேட்டரி வீங்கியது, மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

கேம்ல துப்பாக்கிச் சத்தம் லேட்டா வருது.

வரும். சத்தத்தைச் சுருக்கி, பொட்டலம் கட்டி, அனுப்பி, அங்கே பிரித்து, கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டுதான் ஹெட்செட் பாட வைக்கும். சாதாரண எஸ்பிசி முறையில் இதற்குக் கால் வினாடி வரைகூட ஆகிவிடும். வீடியோ ஆப்கள் படத்தை அதே அளவு தாமதித்துக் காட்டுவதால் உதடு பொருந்தும். கேமில் நீங்கள் சுட்ட நேரம் அதற்கு முன்கூட்டியே தெரியாதே. ஹெட்செட்டில் 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள், சேமிப்பைக் குறைத்துத் தாமதத்தைக் குறைக்கும், பதிலுக்குக் கொஞ்சம் அறுபடும். மும்முரமாக விளையாடுகிற பையன்களுக்கு நான் வயர் ஹெட்செட்டையே கொடுக்கிறேன். லாபம் கம்மி, ஆனால் திரும்பி வந்து சண்டை போட மாட்டார்கள்.

ப்ளூடூத் 5.0, 5.3, 5.4, எதை வாங்கலாம்?

அந்த எண்ணை வைத்து வாங்காதீர்கள். 5.3 என்பதால் பாட்டு இனிக்காது. உங்கள் போன் பழையது என்றாலும் சேரும், இரண்டில் எது பழையதோ அந்த அளவுக்கு இறங்கி ஓடும். சத்தத்தின் தரத்தில் ஸ்பீக்கருக்குத்தான் பெரிய பங்கு, அடுத்தது கோடெக், அதாவது சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் முறை. ஆண்ட்ராய்டில் எல்டிஏசி என்ற கோடெக் இருந்தால் நல்லது, ஐபோன் வைத்திருப்பவர் அதற்குக் காசு கொடுப்பது வேஸ்ட், ஐபோனில் அது கிடையாது, ஏஏசி போதும்.

போச்சம்பள்ளி சந்தையிலோ ரோட்டோரத்திலோ பிரபல கம்பெனி பெயரில் கிள்ளுக்கீரை விலைக்கு வருவது டூப்ளிகேட். ஐபோனில் படத்தோடு அட்டை எழும்பினால் ஒரிஜினல் என்று நம்புகிறார்கள், அந்த அட்டையையும் டூப்ளிகேட்டுகள் எழுப்புகின்றன, சீரியல் எண்ணையும் காப்பி அடிக்கின்றன. தெரிந்தே வாங்கினால் தப்பில்லை, ஒரிஜினல் என்று நினைத்து வாங்கினால்தான் வயிற்றெரிச்சல்.

பஸ்ல பக்கத்து சீட்காரர் என் ஹெட்செட்ல புகுந்துட முடியுமா?

நீங்கள் உங்கள் போனோடு சேர்ந்திருக்கும்போது சாதாரணமாக முடியாது. ஆனால் சில மலிவு செட்டுகள் தெரிந்த போன் கிடைக்காவிட்டால் தாமாகவே பேரிங் நிலைக்குப் போய்விடும், அப்போது யாரும் தொட்டுச் சேரலாம். உங்கள் போனில் ப்ளூடூத்தைப் போட்டுவிட்டு அப்புறம் ஹெட்செட்டை ஆன் செய்யும் பழக்கம் இருந்தால் இந்தப் பிரச்சினை வராது.

நாள் முழுக்க போட்டா கதிர்வீச்சு ஆகாதா? காது போகுமா?

கதிர்வீச்சுக்குப் பயப்பட வேண்டாம். சாதாரண ஹெட்செட் அனுப்பும் சக்தி சில மில்லிவாட்தான். 4ஜி போன் டவர் தூரமாக இருக்கும்போது சுமார் 200 மில்லிவாட் வரை போகும். பென்னாகரம் தாண்டி சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் இடத்தில் போனைக் காதில் ஒட்டிப் பேசுவதைவிட இது குறைவுதான்.

காது வேறு கதை, அது நிஜமான ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால் அதே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். சிறுவர்களுக்கு இதைவிடக் குறைவு, 75 டெசிபலில் 40 மணி நேரம். தறி ஓடும் சத்தத்தையும் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும் என்று முழு வால்யூம் வைத்து எட்டு மணி நேர ஷிஃப்ட் ஓட்டுகிற பசங்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கேதான் ஏஎன்சிக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது, வெளிச் சத்தம் குறைந்தால் உள்ளே தானாகக் குறைத்து வைப்பீர்கள். ஆனால் சுற்றி வண்டியோ மெஷினோ நகரும் இடத்தில் அதைப் போடாதீர்கள்.

பைக் ஓட்டும்போது?

வேண்டாம். அதுவும் தொப்பூர் கணவாயில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு இறங்குபவர்களைப் பார்த்தால் அடிவயிறு கலங்குகிறது. பிரேக் பிடிக்காத லாரி பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வருவது அந்த இறக்கத்தில் புதிதல்ல. வழி கேட்க மேப் குரல் வேண்டும் என்றால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது நிறுத்திப் பாருங்கள்.

வேர்வை, மழை தாங்குமா?

ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீர் தாங்கும், முக்கி எடுக்கக் கூடாது. டப்பாவுக்குப் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு கிடையாது, ஈரத்தோடு பட்ஸை டப்பாவில் வைத்தால் முனையில் பச்சை பிடிக்கும். ஒகேனக்கல் போகிறவர்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. ஒண்ணும் ஆகலை.

கடைக்கு வரும் முன் ஒரு சோதனை. ஹெட்செட்டை வேறொருவர் போனில் சேர்த்துப் பாருங்கள், உங்கள் போனில் வேறொரு ஹெட்செட்டைச் சேர்த்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தகராறு என்று இதிலேயே தெரிந்துவிடும். சோதித்த பிறகு அந்த இன்னொருவர் போனிலிருந்து 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் நாளைக்கு அது அங்கே போய் ஒட்டிக்கொண்டு புதுக் கேள்வியாக வரும்.

போன் பக்கம் என்றால் முதலில் அணைத்துப் போடுங்கள், அப்டேட் இருந்தால் செய்யுங்கள். கடைசியாக செட்டிங்ஸில் வைஃபை, ப்ளூடூத் சம்பந்தப்பட்டதை ரீசெட் செய்யும் இடம் இருக்கிறது. படம், எண்கள் எதுவும் போகாது, ஆனால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டும் எல்லா ப்ளூடூத் பதிவும் அழிந்துவிடும். வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் தெரியுமா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். முழு போனையும் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லும் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு அவசரப்பட வேண்டாம்.

ஹெட்செட் பக்கம் என்றால் வாரன்டி இருக்கிறதா என்று பில்லைத் தேடுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் பக்கத்திலேயே பில் இருக்கும். வாரன்டியில் இருப்பதை எங்களைப் போன்றவர்களிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லாதீர்கள், திறந்தால் கம்பெனி எடுக்காது. வாரன்டி முடிந்த நெக்பேண்டில் பேட்டரி, சார்ஜிங் போர்ட், ஸ்பீக்கர் வயர் மூன்றும் மாற்றலாம். இயர்பட்ஸில் திறந்து ஒட்டுவது பெரும்பாலும் கட்டுப்படி ஆகாது. அதற்குச் சில கம்பெனிகள் ஒரு பக்கத்தை மட்டும் தனியாக விற்கிறார்கள், முதலில் அதை விசாரித்துவிட்டு வாருங்கள்.